அலசிய வாய்

வாய்ப் புற்றுக்கு மருந்து எடுத்துவந்த பூசணி என்ற நாய், எச்சில் சோதனைக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரைக் காலிசெய்தது.

“குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, அண்ணே?” என்றது பக்கத்துக் கூடையிலிருந்த பூனை.

“போன தடவை எச்சில் சரியில்லைன்னதும் எங்க வீட்டம்மா தாட்சாயணி மூணு நாள் சாப்பிடாம அழுதாங்க. அதான் நல்லா அலசிட்டுப் போறேன்.”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். சர்க்கரை பார்க்கப் போறதுன்னா ரெண்டு நாள் இனிப்பைத் தொடமாட்டார்” என்று பூனை சிரித்தது.

பஞ்சுக் குச்சியில் ஏறியது பெரும்பாலும் தண்ணீர்தான். முடிவு நன்றாக வந்தது. மருந்தை நிறுத்தலாம் என்றார் மருத்துவர். தாட்சாயணி பூசணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இது வேறு அழுகை. ஒரு பிஸ்கட்டையும் நீட்டினாள்.

பூசணி வாலை ஆட்டிக்கொண்டே வாங்கி, வலிக்காத பக்கமாக ஒதுக்கி, மெல்ல மெல்லத் தின்றது.