ஜெனிலாவின் இருபத்தைந்து மணி நேரம்

ஆட்டிசம் உள்ள ஜெனிலாவின் உடலுக்கு ஒரு நாள் என்றால் இருபத்தைந்து மணி நேரம். வெளிச்சத்தைத் தாமே மாற்றும் வீட்டு ஜன்னல்கள் அந்தக் கணக்கில் விடிந்து இருளத் தொடங்கிய பிறகுதான் எட்டு வயதுப் பிள்ளை அழாமல் தூங்கினாள். அம்மா லீமாவும் அவளோடு அந்த நேரத்துக்கு மாறிவிட்டாள். அப்பா செல்வின் ஊர் நேரத்தில் வேலைக்குப் போனார். இரண்டு காலைகளும் இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் சேர்ந்து விடிந்தன.

அப்படியொரு காலையில், ஆப்பம் தின்றுகொண்டிருந்த ஜெனிலா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் அப்பா?"

"இருப்பேன், மக்ளே."

அன்றே மேலாளர் பதவியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஜெனிலாவின் நேரப்படி பார்க்கும் சின்ன வேலைக்கு மாறினார்.

"கோயிலு, சேக்காளிங்க எல்லாம் விட்டுப் போயிருமே," என்றாள் லீமா.

"ஊர இருபத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா பாத்துக்கிடலாம்," என்றார் செல்வின்.