மற்றப் பக்கத்துச் சோறு

அபூதாஹிர் முதலாளி அன்றும் பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

பக்கத்து மேசையில் இருந்த இராசநாயகத்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுச் சனம் ஒரு இறாத்தல் பாணுக்கு விடியமுதல் கியூவில் நிற்கிற காலம். இந்த மனிசனுக்கு வியாபாரக் கொழுப்பு, வேறென்ன?

அந்தப் பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான். நுவரெலியா மலையில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஆசைக்குக் கட்டின கோட்டை அது; இப்போது ஹோட்டல். வட்டக் கோபுரம், சுவரில் வாள், வாசலில் ஆள் இல்லாத இரும்புச் சட்டை.

திருகோணமலைக்காரனுக்குக் கோட்டை என்ன புதினமா? துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, அசல் கோட்டையைப் பார்த்துப் பார்த்தே பென்சன் எடுத்தவர் இராசநாயகத்தார். மனைவி போன பிறகு வீட்டில் தனியே கிடக்க வேண்டாமென்று மகன்தான் இங்கே அறை எடுத்துக் கொடுத்தான். தானும் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வாறதாகச் சொன்னான். அதற்குள் மழை பிடித்து, மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. அவனுக்கு வர ஏலாது, இவருக்குப் போக ஏலாது.

கருவாட்டு வியாபாரமாக மலைக்கு வந்த, திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியா அபூதாஹிருக்கும் அதே கதிதான்.

இரண்டு பேரும் ஊரில் முகம் தெரிந்தவர்கள். கிண்ணியாத் துறையில் எத்தனை தரம் கண்டிருப்பார்கள். ஆனாலும் கதையில்லை. நான் கந்தோர் ஆள், அந்தாள்தானே வந்து கதைக்கவேணும் என்பது இராசநாயகத்தாரின் நியாயம்.

அந்தாள் வரவில்லை. சாப்பிடத் தொடங்கும்போது மட்டும் இந்தப் பக்கம் பார்த்து, "வாங்க ஐயா, சாப்புடுவம்" என்பார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு இவர் குனிந்துகொள்வார். வாசலால் போகிறவனுக்கும் சொல்லுகிற உபசார வார்த்தைதானே.

பின்னேரம் மகன் போன் எடுத்தான்.

"எப்பிடி அப்பா, கோட்டையில ராசா மாதிரி இருக்கிறியளோ?"

"ராசாவுக்கும் கதைக்க ஒரு மந்திரி இருப்பானடா. இஞ்ச ஒரு சீவன் என்னோட கதைக்கிறதில்லை. வாசல்ல நிக்கிற இரும்புச் சட்டைக்குத்தான் குட்மோர்னிங் சொல்லுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். மனிசி இருந்திருந்தால் இந்தக் குளிரைப் பற்றியாவது இரண்டு பேரும் சண்டை பிடித்திருக்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம், பரிமாற வந்த சின்னராசாவை மெல்லப் பிடித்தார்.

"அந்தாளுக்கு ஏன் தம்பி அவ்வளவு பெரிய தட்டு?"

"அவரு கேட்டு வாங்கினதுங்க ஐயா. வெள்ளைக்காரங்க முழு வான்கோழி வைக்கிற தட்டு. அதுல ரெண்டு ஆள் சோறு போடச் சொல்றாரு. மீன் இருக்குன்னாலும் வேணாங்கிறாரு. மரக்கறி மட்டும்தான்."

"கருவாட்டு முதலாளிக்கு மரக்கறியோ? நல்ல வேஷம்." வந்த அன்றே, தனக்கு மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது என்று மண்டபம் அதிரச் சொன்னவர் இராசநாயகத்தார். தானாவது போட்டதை வழித்துச் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றும் முதலாளி தன் முன்னால் இருந்த பாதியை மட்டும் துப்புரவாகச் சாப்பிட்டு முடித்தார். மற்றப் பாதியில் ஒரு பருக்கை கலையவில்லை.

இதற்கு மேல் பொறுக்க ஏலாது. அவர் எழும்ப முதல் இராசநாயகத்தார் எழும்பி நேரே அந்த மேசைக்குப் போனார். வந்ததிலிருந்து அந்தப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தரம்.

"முதலாளி, குறை நினைக்காதேங்கோ. கிண்ணியாவில சோத்தை இப்பிடித்தான் வீணாக்கிறதோ?"

அபூதாஹிருக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்து எதிர்க் கதிரையை இழுத்து விட்டார்.

"இருங்க ஐயா. எங்கட ஆக்கள் விருந்தெண்டா பெரிய தட்டு ஒண்டு வெச்சு, சஹன் எண்டு சொல்லுவம், அதைச் சுத்தி நாலஞ்சு பேர் இருந்துதான் சாப்புடுவம். அவனவன் தன்ட பக்கத்தில மட்டும்தான் கை வெக்கலாம். அடுத்தவன்ட பக்கத்தைத் தொடக் கூடாது. தனியச் சாப்புட்டா எனக்குத் தொண்டையால எறங்காது. நான் என்ட பக்கத்தை முடிச்சிட்டன்."

"அப்ப இது ஆற்ற பக்கம்?"

"ஒங்கட பக்கம்தான் ஐயா. ஒங்களுக்கு மச்சம் ஆகாதெண்டுதான் மீனும் வேணாமெண்டன். வந்த நாள் தொட்டுக் கூப்புடுறன், நீங்கதான் ஒவ்வொரு நாளும் குனிஞ்சிருறீங்க."