மூன்று கை கேட்கும் ஃபியூக்

காலையிலிருந்து சலவை மூட்டை தூக்கிய தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் தங்கை பென்சிலை விடவில்லை. ஒரு குரல் மெட்டைத் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாக அதையே பாடித் துரத்துவதுதான் ஃபியூக். அக்கா முணுமுணுத்த ஒரே மெட்டிலிருந்து ஆறு ஃபியூக் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நாளைக் கச்சேரியில் அக்கா வாசிக்க வேண்டும். பியானோவின் மஞ்சளேறிய கட்டைகள்மேல் சாய்வெயில் கிடக்கிறது. ஆறாவதை வாசித்துப் பார்க்கும் அக்கா பாதியில் நிற்கிறாள். "ஏண்டி, மூணாவது குரல் வர்றப்ப என் ரெண்டு கையும் மாட்டிக்கிட்டு நிக்குது. இன்னொரு கைய யார்கிட்ட இரவல் வாங்கறது?" "வாயால பாடிப் பாடியே எழுதினேன்க்கா. விரலை மறந்துட்டேன்." "அஞ்சு போதும், விடு." "சொன்னா சொன்னதுதான்." ரப்பர் பக்கத்தையே வழித்தெடுக்கிறது. கரித்துகளை ஊதிவிட்டு, முதல் குரலை மறுபடி எழுதத் தொடங்குகிறாள். அக்காவுக்குத் தர வேண்டிய கடன் இன்னும் ஒரு ஃபியூக்.