திரும்பிப் பாருங்கப்பா

"திரும்பிப் பாருங்கப்பா. இதுல நம்ம வீடு எது?"

தெரு நடுவில், சுள்ளென்ற காலை வெயிலில், அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திக் கேட்டான் அண்ணன்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய தங்கை, பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"பச்சைக் கதவு போட்டது" என்றார் அப்பா.

"பச்சைக் கதவு இந்தத் தெருவுல நிறைய இருக்கு. வேற அடையாளம்?"

"வலது பக்கம் கரண்ட் கம்பம்."

"இடது பக்கம்?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "தெரியலையேப்பா. நீயே சொல்லு."

"தையல் கடைப்பா! நேத்தும் இதையேதான் கேட்டேன், நேத்தும் முழிச்சீங்க. போங்க, மறுபடியும் முனை வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. நானும் வரேன்."

எதிர்வீட்டு அம்மா தங்கையின் பக்கத்தில் வந்தாள். "மகளா நீ? தினம் இந்தக் கூத்துதான். இந்த வயசுல மனுஷனை ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தெருவுல நிக்க வெச்சு... பார்க்கவே வயிறு எரியுது."

தங்கைக்கு அவமானத்தில் காது சூடானது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா அண்ணா? தெருவே வேடிக்கை பார்க்குது!"

அவன் கோபப்படவில்லை. "மாடிக்கு வா" என்றான்.

மாடியில் அவனுடைய தேனீப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் இலையோடு ஒரு கிளையைச் சாய்த்து வைத்திருந்தான்.

"வீடு மாத்தினப்போ இதுங்களையும் தூக்கிட்டு வந்தேன். சும்மா விட்டா, வெளியே போறது நேரா பழைய வீட்டு மாடிக்குப் போயிடும். அங்க கூடு இருக்காது. சுத்திச் சுத்தியே செத்துப் போயிடும்."

"அதுக்கு எதுக்கு இந்தக் கிளை?"

"அங்க பாரு."

ஒரு தேனீ வெளியே வந்தது. இலையில் முட்டிக்கொண்டது. போகிற வேகத்தில் போகாமல், பெட்டியைப் பார்த்துத் திரும்பி அந்தரத்தில் நின்றது. இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, வளைவுகளைப் பெரிதாக்கிக்கொண்டே போய், அப்புறம்தான் பறந்தது.

"முட்டினதும் ஏதோ மாறிப்போச்சுன்னு அதுக்குப் புரிஞ்சிடுது. உடனே திரும்பி நின்னு, வாசல் எது, பக்கத்துல என்ன இருக்குன்னு மனப்பாடம் பண்ணிக்கும். புது இடம்னா குளவியும் இப்படித்தான். திரும்பிப் பார்க்காமப் போனா வழி தெரியாது."

நழுவியிருந்த ஒரு கிளையை மறுபடியும் சாய்த்து வைத்தான். "அப்பா ரெண்டு தடவை பழைய வீட்டு வாசல்ல போய் நின்னுட்டாரு. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். அடுத்த தடவை எங்க போய் நிப்பாரோன்னு பயமா இருக்கு."

அவளுக்கு மனம் இளகவில்லை. "பூச்சிக்குச் சரி. பெத்தவரை இப்படியா ஆட்டிவைக்கிறது? நான் அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன்."

"வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போ" என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தடதடவென்று கீழே இறங்கினாள். அப்பாவின் அறைக்குப் போய், கொடியில் கிடந்த சட்டைகளை உருவிப் பையில் திணித்தாள். அப்பா ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"நான் வரலைம்மா."

"உங்களுக்கு மறதிப்பா. இங்க இருந்தா சந்தி சிரிக்கும்."

"மாடிப்படி லைட்டு ஃப்யூஸ் போச்சுன்னு போன வாரம் போன்ல சொன்னியே, மாத்தினியா? உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வியாழக்கிழமைதானே?"

கையில் இருந்த சட்டையோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கே! அப்புறம் ஏன் பழைய வீட்டுக்குப் போனீங்க?"

மேலே அண்ணன் நடமாடும் சத்தம் கேட்டது. அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தேடிட்டுப் போனேன்."

"எதை?"

"வேலைக்குப் போனவன் இருட்டியும் வரலை. மனசு கேக்காமக் கிளம்பிப் போனேன். பழைய வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, இந்த வீட்டுச் சாவியை அந்தப் பூட்டுல போட்டுத் திருகிட்டிருந்தான் உங்கண்ணன்."

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மரத்துலேர்ந்து விழுந்தானே, மண்டைக் காயம் ஆறிடுச்சு. வழி மட்டும் மறந்து மறந்து போகுது. என்னைப் பார்த்ததும் மலங்க மலங்க முழிச்சான். 'மறந்துபோய் இங்க வந்துட்டேன்டா. நல்ல வேளை, என்னைத் தேடி வந்தே'ன்னு சொல்லிட்டேன். நம்பிட்டான். ரெண்டாவது தடவையும் அப்படித்தான்."

"டாக்டர்கிட்ட..."

"தனியாப் போய்க் கேட்டுட்டேன். தினமும் பழகினா வழி மனசுல பதியும்னாரு. ஆனா கோளாறு தன்கிட்டதான்னு தெரிஞ்சா, அவன் வாசப்படியே தாண்ட மாட்டான்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அதுக்காக நீங்க, ஊர் சிரிக்க, தெருவுல நின்னு..."

அப்பா சட்டைகளை மறுபடியும் கொடியில் போட்டார்.

"நான் மறந்தாத்தானேம்மா அவன் ஞாபகம் வெச்சுப்பான்?"