குளிர்ந்த பொனெட்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்திறங்கிய இராஜநாயகம், வாங்கப்போகிற பழைய பிக்கப்பின் எஞ்சினை மூடியிருந்த பொனெட்டில் முதலில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று ஈரமாக இருந்தது.

"இப்பதான் கழுவினனான், அங்கிள்," என்றான் விற்கும் மெல்ரோய்.

"நேற்று போனில சொன்னபடி, நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணேல்லைத்தானே?"

"சாவியைக்கூடத் தொடேல்ல."

"எஞ்சினை முதலே சூடாக்கி வச்சால் எந்த ஓட்டை வண்டியும் ஸ்டார்ட் வரும், தம்பி. குளிர்ல வரோணும். நான் பொனெட்டைத் தொட்டே கண்டுபிடிச்சிடுவன். என்னை ஒருத்தரும் ஏமாத்தேலாது."

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. இராஜநாயகத்துக்கு வாயெல்லாம் பல். அங்கேயே காசைக் கொடுத்து, பத்திரத்தில் கைச்சாத்திட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனார்.

பிக்கப் சந்தி திரும்பியதும் மெல்ரோயின் மனைவி லவினா வெளியே வந்தாள்.

"விடிய நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணி, இவ்வளவு நேரம் ஓடவிட்ட வண்டி. கையை வச்சும் அந்த மனுசனுக்குச் சுடேல்லையா?"

"மீன் பெட்டியில இருந்த ஐஸ் முழுக்கப் பொனெட்டிலதான் கொட்டினனான்," என்றான் மெல்ரோய். "பாவம், பொனெட்டைத் தொட்டுப் பார்ப்பன் எண்டு நேற்று அவர் போனில சொல்லியிருக்காட்டி எனக்கு இந்த யோசினையே வந்திராது."