இரண்டு குப்பி எச்சில்

இன்னும் வராத ஒரு காலத்தில், கண்ணுகளா, மரபணுவைப் பார்த்து எல்லாருக்கும் அட்டை கொடுத்திருந்தார்கள். சளிக்காய்ச்சல் வந்தால் பச்சை அட்டைக்காரருக்கு மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். சிவப்பு அட்டைக்காரருக்கோ அவர் உடம்பே நுரையீரலுக்குத் தீ வைத்துவிடும்.

செங்கமலத்துக்கும் அவள் கணவன் நாச்சிமுத்துவுக்கும் சிவப்பு. "அச்சு அசலா ஒரே மரபணு, என்ன பொருத்தம்!" என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள்.

இருவருக்கும் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆக்சிஜன் கட்டில்தான் தந்தார்கள். நாச்சிமுத்து அதில் ஏறிப் படுத்துக்கொண்டான். செங்கமலம் தன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இழுக்க, அவனுக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

பார்க்க வந்த நர்ஸ் இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, ரெண்டு பேரும் ஒட்டிப் பொறந்தீங்களா? சோதனைக்கு எச்சில் துப்புனது யாரு?"

"நாந்தானுங்க, ரெண்டு குப்பியிலயும். வீட்டு வேலையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லீங்க."

நர்ஸ் நாச்சிமுத்துவை அங்கேயே துப்ப வைத்தாள். பச்சை.

"எனக்கும் மூச்சு வாங்குதுங்க," என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"எறங்குங்க அண்ணா, சரியாப் போயிரும்."

செங்கமலம் கட்டிலில் சாய்ந்தாள். முகமூடி வழியே வந்த காற்று நெஞ்சைத் தணித்தது.

"ஏ புள்ள, இந்த அடுப்பை எப்படிப் பத்த வெக்கறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முகமூடி போட்டிருந்தது, பதில் சொல்லாமலிருக்க அவளுக்கு வசதியாகப் போயிற்று.