வெறும் பாத்தி

“மிஸ், உங்க எரு போகக் கூடாத எடத்துக்குப் போகுது. கையும் கூடையுமாக் காட்டுறேன், வாங்க.”

ஸஜீதா வேனிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் லயத்துப் புவனேந்திரன் வந்து நின்றார்.

“களவா? யாரும் விக்கிறாங்களா?”

“நீங்களே வந்து பாருங்க. நான் சொன்னா, கோள் சொல்றேம்பாங்க.”

சொல்லிக்கொண்டிருந்தது கோள்தான். அதில் லயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஸஜீதா பதுளையிலிருந்து வாராவாரம் வந்துபோகிற விவசாய ஆராய்ச்சி அதிகாரி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பத்து வீட்டுக்குப் பத்துப் போஞ்சிப் பாத்திகள் போட்டிருந்தார். ரசாயன உரம் இல்லாமல், அவர் தயாரித்த கூட்டெருவை மட்டும் போட்டால் போஞ்சி எப்படிக் காய்க்கும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கியதில் ஐந்து வீட்டுக்கு எரு. மற்ற ஐந்து வீட்டுக்கு ஒன்றுமில்லை, வெறும் பாத்தி.

“வெறும் பாத்தியில ஒரு பிடி சாம்பல்கூடப் போடக் கூடாது. ரெண்டு பாத்திக் காயையும் நிறுத்துப் பார்த்தாத்தான் எரு வேலை செய்யுதான்னு தெரியும்” என்று நூறு தடவை சொல்லியிருந்தார். எல்லோரும் நூறு தடவையும் தலையாட்டியிருந்தார்கள்.

விஷயம் போஞ்சியோடு நிற்கவில்லை. எருப் போட்ட பாத்தி கூடுதலாகக் காய்த்தால் அந்தக் காணியை லயத்து ஆட்களுக்கே விட்டுவிடுவதாகத் தோட்டத்துத் துரை ஒத்துக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் அடுத்த மாதமே அங்கே தேயிலைக் கன்று.

லயத்தைச் சுற்றிக்கொண்டு போனால், ஜெயலெட்சுமியின் வெறும் பாத்தி ஓரத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகர் குந்தியிருந்தார். கையில் எருக் கூடை.

பேச்சுச் சத்தம் கேட்டு ஜெயலெட்சுமி வெளியே வந்தார். பீலியில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் அவரும் அழகரும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷம்.

“எனக்கு அப்பவே தெரியும் மிஸ். எம் பாத்தியில களவெடுக்கத்தான் இந்தாளு சுத்திச் சுத்தி வர்றாரு.”

“ஒன்னுமே போடாத பாத்தியில என்னத்தைம்மா களவெடுக்கிறது?” என்றார் ஸஜீதா.

கூடையைப் பார்த்தார். பாதி காலி. செடிகளின் தூரைப் பார்த்தார். காணாமல் போன பாதி அங்கே கறுகறுவென்று கிடந்தது.

“அழகர் அண்ணன், நீங்க இதுல எருப் போடுறீங்களா?”

அழகர் தலையைச் சொறிந்தார். “பக்கத்துக் காம்பராவுல அடுப்பு எரியலன்னா எங்களுக்குச் சோறு எறங்காதுங்க மிஸ். எம் பாத்தி வாரம் ஒரு மூட்டை தின்னுது. இது பட்டினியாக் கெடக்கு. இந்தம்மாவோட பேச்சுவார்த்தை இல்லதான். அதுக்குச் செடி என்னங்க பண்ணும்?”

ஜெயலெட்சுமிக்கு வாயடைத்துப்போனது. அப்படி ஒன்று நடக்கும் என்று லயத்தில் யாரும் நினைத்ததில்லை.

ஸஜீதா அடுத்த வெறும் பாத்திக்கு ஓடினார். அதிலும் எரு. அதற்கடுத்ததிலும் எரு. நாலாவதிலும் எரு. எருக் கிடைத்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். செசிலி மட்டும், “நான் கொஞ்சம் சாணியும் போட்டேன் மிஸ், கோவிச்சுக்காதீங்க” என்றார்.

ஸஜீதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இனி எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரிதான் காய்க்கும். எருவால ஒரு பிரயோசனமும் இல்லைன்னு நான் எழுதணும். துரை தேயிலை வைப்பார். உங்க நல்ல மனசாலயே உங்க காணி போகப்போகுது.”

எல்லோருக்கும் முகம் வெளுத்துப்போனது.

பார்க்க மிச்சம் இருந்தது புவனேந்திரனின் பாத்திதான். கொடியெல்லாம் மஞ்சள் பாய்ந்து, குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏதோ நின்றது. எண்ணினால் இருபது காய் தேறாது.

ஸஜீதா மண்டியிட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். திரும்பவும் கிளறினார். முகம் மெல்ல மலர்ந்தது.

“இதுதான் வெறும் பாத்தி. ஒன்னு போதாதுதான். ஆனா இதைக் காட்டி இன்னொரு போகம் கேட்கலாம். அதுவரைக்கும் காணியில கைவைக்க வேணாம்னு துரைக்கிட்ட நானே பேசுறேன்.”

லயத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஜெயலெட்சுமிக்கு வாயும் வந்தது.

“பாத்தீங்களா மிஸ், கோள் சொல்ற மனுசனுக்கு ஒரு பிடி எருக் குடுக்க இந்த லயத்துல ஒருத்தருக்கும் மனசு வரல.”

எல்லோரும் சிரித்தார்கள். புவனேந்திரன் சாய்ந்த குச்சி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவருடைய பக்கத்துக் காம்பரா கலாராணி மட்டும் சிரிக்கவில்லை.

“நான் குடுத்தேங்க்கா. மூனு தடவ கொண்டுபோய்ப் போட்டேன். மூனு தடவையும் ஒரு பொட்டு விடாம அள்ளிக்கிட்டு வந்து எங்க வாசல்ல வச்சிட்டாரு. ‘எரு வேணாம் தங்கச்சி, எல்லார் காணியும் போயிரும். மனசு கேக்கலன்னா, மிஸ் நிறுத்துட்டுப் போனப்பொறகு எம் புள்ளைகளுக்கு ரெண்டு பிடி போஞ்சி குடு’ன்னாரு.”